கசக்கக் கூடாத துணி: நீச்சலுடையைத் துவைத்துப் பேணும் முறை

“கந்தையானாலும் கசக்கிக் கட்டு” என்பது பருத்தியை உடுத்தியவர்கள் சொன்ன சொல். பருத்தி வேட்டியைக் கல்லில் அறைந்து, சோப்பை அழுத்தித் தேய்த்து, முறுக்கிப் பிழிந்து, உச்சிவெயிலில் மொட்டைமாடிக் கொடியில் விரித்தால் அது முன்னைவிட வெளுப்பாகவும் மொடமொடப்பாகவும் திரும்பி வரும். அதே நான்கு வேலைகளையும் நீச்சலுடைக்குச் செய்தால், சில மாதங்களில் அது தொளதொளத்து, சாயம் இழந்து, வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரியும் அளவுக்கு மெலிந்துவிடும். கோடை முகாமில் பிள்ளைகளைச் சேர்த்துவிட்டு முதன்முறையாக நீச்சலுடை வாங்குகிற பெற்றோரும், நாற்பது வயதுக்கு மேல் துணிந்து நீச்சல் குளத்தில் இறங்குகிற பெரியவர்களும் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். நம் கைக்குப் பழகிய துவைப்பு முழுவதும் பருத்திக்கான துவைப்பு.

நான் வாங்கிய முதல் நீச்சலுடை ஒரு கோடையைக்கூடத் தாண்டவில்லை. காலை வகுப்பு முடிந்ததும் ஈர உடையைப் பாலிதீன் பையில் சுருட்டி, ஸ்கூட்டரின் இருக்கைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு அலுவலகம் போய்விடுவேன். மாலையில் அதை எடுத்துச் சோப்புத்தூளில் இரவு முழுவதும் ஊறவைத்து, காலையில் பிழிந்து வெயிலில் போடுவேன். பள்ளிகள் திறப்பதற்குள் இடுப்புப் பட்டை இளகிவிட்டது. பின்புறம் கொசுவலைபோல் ஆகிவிட்டது. துணி மட்டம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். அவர் உடையை வாங்கி ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு, “துணி மேல தப்பு இல்ல சார், வண்டியில வெச்சு அவிச்சிருக்கீங்க” என்றார். சித்திரை வெயிலில் நிற்கும் ஒரு வண்டியின் இருக்கைக்கு அடியில், குளோரின் நீரில் நனைந்த துணியை எட்டு மணி நேரம் மூடிவைப்பதற்கு அதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது.

துணிக்குள் இருப்பது என்ன

பெரும்பாலான நீச்சலுடைகளின் உள்தையலில் இருக்கும் லேபிளில் இரண்டு பெயர்களைக் காணலாம். ஒன்று நைலான், இதைப் பாலிஅமைடு என்றும் அச்சிடுவார்கள். மற்றது எலாஸ்டேன், ஸ்பான்டெக்ஸ் என்பதும் லைக்ரா என்பதும் இதையே குறிக்கும், லைக்ரா என்பது வணிகப் பெயர். எண்பது விழுக்காடு நைலானும் இருபது விழுக்காடு எலாஸ்டேனும் கலந்த துணியே கடைகளில் அதிகம் கிடைக்கிறது. அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் வேதியியலாளர் ஜோசப் ஷிவர்ஸ் 1958-இல் உருவாக்கிய எலாஸ்டேன் இழை, தன் நீளத்தைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் இழுபட்டாலும் விட்டவுடன் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். இழைக்குள் சுருண்டு கிடக்கும் நெகிழ்வான பகுதிகளும், அவற்றை ஆங்காங்கே முடிச்சுப் போட்டதுபோல் பிடித்திருக்கும் இறுக்கமான பகுதிகளும் மாறி மாறி அமைந்திருப்பதே அதற்குக் காரணம். குளோரின் இந்தச் சங்கிலியைத் துண்டிக்கிறது; வெப்பம் அந்த வேலையை விரைவுபடுத்துகிறது. உடையை விரித்துப் பார்க்கும்போது மேற்பரப்பில் மெல்லிய வெள்ளை மயிர்போல நீட்டிக்கொண்டிருப்பவை அறுந்துபோன எலாஸ்டேன் இழைகளே. அவை தென்பட்ட பிறகு எந்தத் துவைப்பும் உடையைப் பழைய நிலைக்குக் கொண்டுவராது.

ஆகவே துவைப்பதற்கு முந்தைய படி, சரியான துணியை வாங்குவது. வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் குளத்தில் இறங்குபவராக இருந்தால், பாலியஸ்டரும் பி.பி.டி. எனப்படும் பாலிபியூட்டிலீன் டெரெப்தாலேட்டும் கலந்த, எலாஸ்டேன் இல்லாத உடையைத் தேடி வாங்குவது நல்லது. பி.பி.டி.யும் பாலியஸ்டர் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அதன் இழை இயல்பாகவே ஓரளவு இழுபடும். குளோரினுக்கு எளிதில் மசியாது. சாயமும் நைலானில் இருப்பதைவிட நெடுநாள் நிற்கும். தொடக்கத்தில் சற்று விறைப்பாகத் தோன்றும், விலையும் சிறிது கூடுதலாக இருக்கும். ஆனால் அன்றாடப் பயிற்சிக்கு அதற்கு இணையில்லை. எப்போதாவது கடற்கரை விடுதிக்குப் போகும்போது மட்டும் உடுத்துபவருக்கு நைலான் உடையின் மென்மையே போதுமானது. எதை வாங்கினாலும் கடையில் போட்டுப் பார்க்கும்போது உடலைக் கவ்விப் பிடிக்கும் அளவையே தேர்ந்தெடுக்க வேண்டும், ஏனெனில் நனைந்ததும் துணி சற்று இளகிக்கொடுக்கும். வளரும் பிள்ளைக்கு அடுத்த ஆண்டுக்கும் ஆகட்டும் என்று பெரிய அளவில் வாங்குவது பள்ளிச் சீருடைக்குச் சரி, நீச்சலுடைக்கு ஆகாது.

குளத்தில் இறங்கும் முன்னும் ஏறிய பின்னும்

குளத்தில் இறங்குவதற்கு முன் ஷவரில் நனைந்துவிட்டுத்தான் வர வேண்டும் என்று எல்லாக் குளங்களிலும் பலகை வைத்திருக்கிறார்கள். அதை மதிப்பவர்கள் சிலரே. அந்த விதி குளத்து நீரின் தூய்மைக்காக ஏற்பட்டது என்றாலும் உடைக்கும் அதனால் நன்மை உண்டு. நல்ல தண்ணீரை ஏற்கெனவே உறிஞ்சிய துணிக்குள் குளத்து நீர் அவ்வளவு விரைவாகப் புகுவதில்லை. குளத்து நீரில் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரை குளோரின் வைத்திருப்பது வழக்கம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் குழாயில் எஞ்சியிருக்க வேண்டிய குளோரினின் குறைந்த அளவாகக் குறிப்பது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம். இரண்டுக்கும் உள்ள தொலைவை நினைவில் வைத்தால், சாதாரணக் குழாய்த் தண்ணீரில் அலசுவதே எவ்வளவு பெரிய உதவி என்பது விளங்கும். மூக்கைத் துளைக்கும் அந்தக் ‘குளோரின் வாடை’கூடக் குளோரினின் வாடை இல்லை, வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு கலந்து உண்டாகும் குளோரமைன் என்ற சேர்மத்தின் வாடை அது. ஷவரில் நனையாமல் குதிப்பவர்கள் கூடக்கூட அதுவும் கூடும்.

சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் உள்ள வீடுகளில், தலையிலும் உடம்பிலும் எண்ணெய்ப் பிசுக்கோடு நீச்சலுக்கு வருபவர்கள் உண்டு. எண்ணெய் எலாஸ்டேனை நாளடைவில் தளர்த்தும், குளத்து நீரிலும் படலமாக மிதக்கும். எண்ணெய் தேய்க்கும் நாளை நீச்சல் இல்லாத நாளாக வைத்துக்கொள்வதே எளிய வழி. சன்ஸ்கிரீன் பூசுபவர்கள் அதைப் பூசிக் கால் மணி நேரம் கழித்து, தோலில் ஊறிய பிறகு உடையை அணிய வேண்டும்.

உடையைத் தேய்க்கும் இன்னொரு எதிரியை யாரும் கண்டுகொள்வதில்லை. அது குளத்தின் சிமெண்ட் விளிம்பு. பிள்ளைகள் அதில் உட்கார்ந்து சறுக்கித் தண்ணீரில் இறங்குவார்கள். உப்புக் காகிதத்தில் தேய்த்ததுபோல் உடையின் பின்புறம் பஞ்சு பஞ்சாக எழும்பிவிடும். ஒரு துண்டை விரித்து உட்காரச் சொல்லலாம், அல்லது ஏணி வழியாக இறங்கப் பழக்கலாம். எங்கள் வீட்டில் இரண்டையும் சொல்லிப் பார்த்து, துண்டில் மட்டும் பாதி வெற்றி கண்டிருக்கிறோம்.

குளத்திலிருந்து ஏறியதும், உடையைக் கழற்றுவதற்கு முன்பாகவே ஷவரின் அடியில் நின்று, துணியை உடலிலிருந்து ஆங்காங்கே இலேசாக இழுத்துவிட்டு, உள்ளே தேங்கிய நீர் வெளியேறும்வரை இரண்டு நிமிடம் குளிர்ந்த நீரை ஓடவிட வேண்டும். கழற்றிய பிறகு வாளியில் ஒருமுறை முக்கி எடுக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால், கடைப்பிடிக்க வேண்டியது இதுவே; சோப்பும் ஷாம்பும் இதற்கு அடுத்தபடியாகத்தான். பின்னர் உடையைத் துண்டில் சுற்றி, காற்றுப் புகும் வலைப்பையிலோ துணிப்பையிலோ வைத்துக்கொள்ள வேண்டும். பாலிதீன் பைதான் கைவசம் இருக்கிறது என்றால் அதன் வாயைத் திறந்தே வைக்க வேண்டும். வண்டியின் இருக்கைப் பெட்டியைப் பற்றி நான் மீண்டும் சொல்லத் தேவையில்லை.

வீட்டில் துவைக்கும் முறை

வீட்டுக்கு வந்ததும் அரை வாளி குளிர்ந்த தண்ணீரில் ஒரு சிறு கரண்டி மென்மையான ஷாம்பையோ, பட்டுக்கும் கம்பளிக்கும் பயன்படுத்தும் திரவச் சோப்பையோ கலக்கி, உடையின் உட்புறத்தை வெளியே திருப்பி அதில் அமிழ்த்த வேண்டும். உடலின் எண்ணெயும் வியர்வையும் படிவது உட்புறத்தில் என்பதால் அதுவே சோப்பு நீரை நேராகச் சந்திக்க வேண்டும். பிறகு உள்ளங்கையால் இரண்டு மூன்று நிமிடம் அழுத்தி விட்டு, அழுத்தி விட்டுச் செய்தால் போதும். தேய்க்கவும் கசக்கவும் வேண்டியதில்லை. கால் மணி நேரத்துக்கு மேல் ஊறவிடவும் கூடாது. அதன்பின் நுரை நிற்கும்வரை இரண்டு மூன்று தண்ணீரில் அலச வேண்டும்.

சலவைக் கட்டிச் சோப்பு ஏன் கூடாது என்பதற்கு நம் ஊர்த் தண்ணீரே காரணம். குடிநீரின் கடினத்தன்மைக்கு இந்தியத் தர நிர்ணயம் வைத்திருக்கும் ஏற்புடைய அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. சென்னையில் பல அடுக்குமாடிக் குடியிருப்புகளின் போர் தண்ணீர் எப்படிப்பட்டது என்பதைக் குளியலறைக் குழாயில் படிந்திருக்கும் வெள்ளை உப்பே சொல்லும். அந்தத் தண்ணீரிலுள்ள சுண்ணாம்போடு கட்டிச் சோப்பு சேரும்போது நுரைக்குப் பதிலாகத் திரிதிரியான சாம்பல்நிற மண்டி உண்டாகி, இழைகளுக்கு இடையே புகுந்து துணியை விறைக்கச் செய்யும். வீட்டில் மெட்ரோ தண்ணீரும் போர் தண்ணீரும் இரண்டும் வந்தால் கடைசி அலசலையாவது மெட்ரோ தண்ணீரில் செய்யலாம். போர் தண்ணீர் மட்டுமே என்றால், கடைசி அலசலில் ஒரு தேக்கரண்டி வெள்ளை வினிகரைச் சேர்த்தால் உப்புப் படிவு குறையும். வினிகரையும் பிளீச்சிங் பவுடரையும் மட்டும் எக்காரணம் கொண்டும் ஒரே வாளியில் கலந்துவிடக் கூடாது. குளோரின் வாயு கிளம்பி மூச்சைத் திணறடிக்கும். பிளீச்சிங் பவுடரையும், வெளுப்புத் திரவங்களையும் நீச்சலுடைக்கு அருகிலேயே கொண்டுவரக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை: குளத்தில் சிறிதளவு செய்யும் கேட்டை அவை வாளியில் பேரளவில் செய்யும். துணியை மணக்கச் செய்யும் மென்மையூட்டித் திரவமும் வேண்டாம்; அது இழைமேல் படலமாகப் படிந்துகொள்ளும்.

எவ்வளவு அலசினாலும் வாடை போகவில்லை என்றால் வண்ணமீன் கடைக்குப் போகலாம். சென்னையில் கொளத்தூர்ப் பக்கம் போனால் இத்தகைய கடைகளுக்குக் குறைவில்லை. மீன்தொட்டியில் குழாய்த் தண்ணீரை ஊற்றும் முன் குளோரினை முறிப்பதற்காக அங்கே விற்கும் படிகங்கள் சோடியம் தயோசல்பேட். இருட்டறையில் படம் கழுவிய பழைய புகைப்படக்காரர்கள் ‘ஹைப்போ’ என்று அழைத்த அதே உப்பு. அரை வாளித் தண்ணீரில் ஒரு சிட்டிகை கரைத்து, உடையை ஐந்து நிமிடம் முக்கி எடுத்து, நன்றாக அலசிவிட்டால் எஞ்சியிருக்கும் குளோரின் செயலிழந்துவிடும். வெளிநாடுகளில் நீச்சல்வீரர்கள் இதே வேலைக்கு வைட்டமின் சி கலந்த தெளிப்பான்களைப் பயன்படுத்துகிறார்கள். ஒவ்வொரு நாளும் தேவையில்லை, வாரம் ஒருமுறை போதும்.

வாஷிங் மெஷினைப் பொறுத்தவரை, தவிர்க்க முடிந்தால் தவிர்ப்பதே நல்லது. முடியாதபோது உடையை வலைப்பையில் இட்டு, மென்துணிக்கான சுழற்சியில், குளிர்ந்த நீரில், ஜீன்ஸும் ஜிப்பும் கொக்கியும் உள்ள துணிகள் இல்லாமல் போட வேண்டும். முன்புறம் திறக்கும் மெஷின்களில் பருத்திக்கான நிரல் தண்ணீரைத் தானாகவே சூடாக்கிக்கொள்ளும் என்பதைக் கவனிக்க வேண்டும். பெண்களின் முழுநீள உடைகளில் மார்புப் பஞ்சுகள் தனியாகக் கழற்றும்படி இருந்தால் அவற்றை எடுத்துத் தனியே அலசுவதும், முதுகு ஜிப்பை மூடிவிட்டு அலசுவதும் நல்லது.

வீட்டில் துவைப்பவர் வேறொருவராக இருந்தால், இதையெல்லாம் அவரிடம் ஒருமுறை நேரில் செய்துகாட்டிவிட வேண்டும். எங்கள் வீட்டில் துணி துவைக்க வரும் அக்கா, அழுக்கே இல்லாத உடையை எதற்காகத் தினமும் துவைக்க வேண்டும் என்று கேட்டார், நியாயமான கேள்விதான். கண்ணுக்குத் தெரிகிற அழுக்குக்காகத் துவைக்கும் வழக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத மருந்தைக் கழுவுவதற்கு இடமில்லை.

உலர்த்துதல்

உலர்த்தும்போது முறுக்கிப் பிழியக் கூடாது. உலர்ந்த பருத்தித் துண்டை விரித்து, அதன்மேல் உடையைப் பரப்பி, பாய் சுருட்டுவதுபோல் இரண்டையும் சேர்த்துச் சுருட்டி உள்ளங்கையால் அழுத்தினால் பெரும்பகுதி ஈரத்தைத் துண்டு வாங்கிக்கொள்ளும். பிறகு நிழலில், காற்றோட்டமுள்ள இடத்தில், தட்டையாக விரித்தோ, தடித்த கொடியில் நடுப்பகுதி மடியும்படி போட்டோ உலர்த்த வேண்டும். தோள்பட்டையில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டால் துணியிலுள்ள தண்ணீரின் எடையே பட்டையை இழுத்து நீட்டிவிடும். துருப்பிடித்த கம்பிக் கொடியும் வேண்டாம். துருக்கறை நைலானை எளிதில் விடாது.

வெயிலில் போட்டால்தான் துணி சுத்தமாகும் என்ற எண்ணம் நமக்கு ஆழமாக உண்டு. பருத்திக்கு அது உண்மையாகவே இருக்கட்டும். நைலான் இழையையும் அதன் சாயத்தையும் புற ஊதாக் கதிர் அரிக்கும். கத்திரி வெயிலில் கொதிக்கும் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் விரித்த உடையின் எலாஸ்டேனுக்கு இரட்டைத் தண்டனை. நிழலில் உலருமா என்று கவலைப்படவும் தேவையில்லை: இயல்பான காற்றில் பருத்தி தன் எடையில் சுமார் 8.5 விழுக்காடு ஈரத்தை வைத்துக்கொள்ளும், நைலான் 4 விழுக்காட்டளவே கொள்ளும், பாலியஸ்டர் அரை விழுக்காட்டுக்கும் குறைவு. ஐப்பசி அடைமழையில்கூட மின்விசிறிக்குக் கீழே ஓர் இரவில் உலர்ந்துவிடும்.

கறைகளும் கடல்நீரும்

வெள்ளை அல்லது வெளிர்நிற உடையில் கழுத்தோரத்திலும் அக்குளிலும் ஆரஞ்சு நிறக் கறை தோன்றினால், அது பெரும்பாலும் சன்ஸ்கிரீனின் வேலை. பல சன்ஸ்கிரீன்களில் இருக்கும் அவோபென்சோன் என்ற பொருள், போர் தண்ணீரிலுள்ள இரும்போடு சேர்ந்து துருவின் நிறத்தை எடுக்கும். வெளுப்பானைப் போட்டால் கறை இன்னும் ஆழமாகும். எலுமிச்சைச் சாற்றில் சம அளவு தண்ணீர் கலந்து கறையின்மேல் சில நிமிடம் வைத்து அலசினால் பெரும்பாலும் மங்கும். வெளிர்நிற உடையில் இளம்பச்சைச் சாயல் ஏறினால், பாசியைக் கொல்லக் குளத்தில் போடும் மயில்துத்தத்தின் செம்பு காரணமாக இருக்கலாம். அடர்நிற உடை வாங்குவதே அதற்கு மருந்து.

மஞ்சள் பூசிக் குளிக்கும் பெண்களுக்கு ஒரு செய்தி: நைலான் மஞ்சளை ஆசையோடு பிடித்துக்கொள்ளும், சோப்பு பட்டால் அது சிவந்தும் காட்டும். சோப்பை முற்றிலும் அலசிய பிறகு இளங்காலை வெயிலை அந்த இடத்தில் மட்டும் சிறிது நேரம் படவிட்டால் மஞ்சளின் நிறம் வெளிறும். வெயில் கூடாது என்று மேலே சொன்னதற்கு நான் அனுமதிக்கும் விலக்கு இது ஒன்றே.

கடலில் குளித்த உடைக்கு உப்பும் மணலும் சேர்ந்த தொல்லை. உப்பு உலர்ந்து படிகமானால் ஒவ்வோர் அசைவிலும் இழையை அறுக்கும் என்பதால் நல்ல தண்ணீரில் உடனே அலச வேண்டும். மணலையோ ஈரத்தில் தேய்த்து எடுக்க முயன்றால் அது உள்ளே புதையும். அலசி உலர்த்திய பிறகு துணியை இலேசாக இழுத்து உதறினால் தானே கொட்டிவிடும்.

மாற்றுடை, பாதுகாப்பு, ஓய்வு

தொடர்ந்து நீந்துபவர் இரண்டு உடைகளை வாங்கி மாற்றி மாற்றி அணிவது சிக்கனமே தவிர ஆடம்பரம் ஆகாது. இழுபட்ட இழை தன் நிலைக்குத் திரும்பவும், தையல் மடிப்புகளின் உள்ளீரம் முழுதாக உலரவும் ஒரு நாள் இடைவெளி தேவை. ஈரம் காயாத உடையை மறுநாளே அணிவது தோலுக்கும் நல்லதில்லை. விடுமுறை முடிந்து எடுத்து வைக்கும்போது நன்றாக உலர்ந்த உடையைத் தளர்வாக மடித்து, பருத்திப் பையில் வைத்தால் போதும். பாச்சை உருண்டை வேண்டாம்; பட்டையும் கம்பளியையும் தின்னும் பூச்சிக்கு நைலானில் வேலையில்லை.

மாவட்டப் போட்டி, மாநிலப் போட்டி என்று பிள்ளைகள் முன்னேறினால், பந்தயத்துக்கென்றே தைத்த இறுக்கமான உடைகள் வீட்டுக்கு வரும். 2009-இல் ரோம் உலக நீச்சல் போட்டியில் பாலியூரித்தேன் என்ற நெகிழிப் பொருளாலான உடைகளின் துணையோடு 43 உலக சாதனைகள் விழுந்தன. 2010 தொடக்கத்திலிருந்து அவை தடைசெய்யப்பட்டு, நெய்த துணி உடைகள் மட்டுமே அனுமதிக்கப்படுகின்றன. இன்றைய பந்தய உடைகளும் மிக மெல்லியவை, சில போட்டிகளுக்கு மட்டுமே தாங்குபவை. அவற்றுக்குச் சோப்பே கூடாது. குளிர்ந்த தண்ணீரில் அலசி, நிழலில் தட்டையாக உலர்த்துவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பயிற்சி நாளில் அவற்றைப் பிள்ளைக்கு அணிவித்து அனுப்பும் பெற்றோரைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்கும்.

உடையை வாங்கிய மாதத்தை, அழியாத மையில் லேபிளின் பின்புறம் எழுதிவைப்பது என் வழக்கம். எந்தத் துணி எத்தனை மாதம் உழைத்தது என்பது அப்போதுதான் தெரியும். அடுத்த முறை விளம்பரத்தைக் கேட்காமல் அந்தக் கணக்கைக் கேட்டு வாங்கலாம். தொடையிலும் இடுப்பிலும் பட்டை இளகி, விளக்குக்கு எதிரே பிடித்தால் விரல்கள் தெரியத் தொடங்கியதும் உடைக்கு ஓய்வு கொடுத்துவிட வேண்டும். ஆனால் தூக்கி எறிய வேண்டாம். புது உடைக்கு மேலே பழையதை அணிந்து நீந்தினால் தொளதொளத்த துணி தண்ணீரைப் பிடித்து இழுக்கும். அந்த இழுவைக்கு எதிராக நீந்திப் பழகுவதற்காகவே நீச்சல்வீரர்கள் பழைய உடைகளைச் சேர்த்து வைத்திருப்பார்கள். ஸ்கூட்டரில் அவிந்த என் முதல் உடை இன்றும் அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது, இப்போது வலைப்பையில் வீட்டுக்கு வருகிறது.